விரதத்தால் குறைந்ததாக நான் சொன்ன பதினொரு கிலோ

இருபத்தாறு வருடங்களாக நாட்குறிப்பு எழுதிவருகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே கிழமையும் வானிலையும்; அதன் கீழே என்ன சமைத்தேன், என்ன சாப்பிட்டேன், யாருடன் கதைத்தேன். திங்கட்கிழமைகளில் மட்டும் வலது மூலையில் என் நிறை. குளிப்பதற்கு முன், வெறும் வயிற்றில், எப்போதும் ஒரே தராசில். குடியேறிய இந்த நாட்டில், டண்டினோங் என்ற புறநகரில் ஒரு தயிர்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளிரறைகளின் வெப்பநிலையைப் பார்த்து, எழுதி, கையெழுத்து வைப்பதே அந்த வேலையின் பெரும்பகுதி. பார்க்காத எண்ணை எழுதினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் பிழை விடாதவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன மிகப் பெரிய பொய்யை ஒரு தாளில், பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு, அச்செடுத்துத்தான் கொடுத்தேன்.

இங்கே குளிர்காலம் ஜூனில் வரும். அந்தக் குளிர்காலம் தொடங்கியபோது என் நிறை எழுபத்திரண்டு கிலோ நானூறு கிராம். ஜூலை முடிவில் அறுபத்தேழு தொள்ளாயிரம். இடைப்பட்ட பக்கங்களில் நான் சாப்பிட்டவற்றை இப்போது வாசித்தால் எனக்கே நம்பமுடியவில்லை. காலையில் புட்டு இரண்டு கோப்பை, முட்டைப் பொரியல். பத்தரைக்குப் பணிஸ் இரண்டு. மதியம் சோறு, மறுபடியும் சோறு. மூன்று மணிக்கு வாழைப்பழம் மூன்று. வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக் கழற்ற முதல், பாணும் பட்டரும். எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. அதே பக்கத்தில், நான்கு அங்குலம் தள்ளி, நிறை இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டையும் ஒரு கைதான் எழுதியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

வேர்த்தது. ஜூலை மாதம், நாங்கள் வசிக்கும் நோபல் பார்க்கில், வெளியே புல்லில் உறைபனி இருக்கும்போது, எனக்கு வேர்த்தது. வேலையால் வந்ததும் வீட்டு யன்னல்களையெல்லாம் திறந்துவிடுவேன்.

"இஞ்சேர், யன்னலைச் சாத்தும்," என்பார் என் கணவர்.

"எனக்கு அவியுது."

"எனக்குப் பல்லுக் கிட்டுது. வீட்டுக்குள்ள ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு ரீவி பாக்கிறன். ஆரும் எட்டிப் பாத்தால் களவெடுக்க வந்தவன் எண்டு பொலிஸுக்கு அடிப்பினம்."

மற்ற நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று கையில் இருந்த சட்டி மூடியைக் குசினித் தரையில் எறிந்தேன். அது சுழன்று சுழன்று அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் எழுந்து போய் இன்னொரு சோடி காலுறை மாட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இது அந்த வயதின் கோளாறு, மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு என்று முடிவுகட்டினேன். நெஞ்சு படபடப்பதும் அதுதான், கை நடுங்குவதும் அதுதான், காரணமில்லாமல் கோபம் வருவதும் அதுதான். யாரையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவது எங்கள் வழக்கம். எங்கள் என்றால் நானும் என் தோழியும். அவள் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறாள். பதினெட்டு வருடப் பழக்கம். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தவள். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து போனதால் வேலையை விட்டுவிட்டாள். கோயிலில் எல்லோரும் நிலத்தில் இருக்க அவள் மட்டும் ஓரத்தில் ஒரு கதிரையில் இருப்பாள். பத்துக் கிலோ குறைத்துக்கொண்டு வந்தால்தான் முழங்கால் ஒப்பரேசனைப் பற்றிப் பேசலாம் என்று வைத்தியர் சொல்லி இரண்டு வருடமாகிவிட்டது. அவளுக்குப் பன்னிரண்டு வருடமாக நீரிழிவும் இருக்கிறது. அதற்குக் குளிசை எடுக்கிறாள். அந்தக் குளிசைகளை மருந்துக் கடையில் எடுத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் நான்தான். எனவே அவளுக்கு நீரிழிவு இருப்பது எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

ஓகஸ்டில் ஒரு வெள்ளி, பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் வரிசையில் நிற்கும்போது பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னப்பா, பாதியாப் போனீர்!"

"கலியாணப் பொம்பிளை மாதிரியெல்லே நிக்கிறா. மனிசனுக்குக் காவல் போடோணும் இனி."

"ஒளிக்காமச் சொல்லும். ஜிம்முக்குப் போறீரோ?"

சிறு வயதிலிருந்தே நான் பருத்த உடம்புக்காரி. சீலைக் கடையில் என்னைப் பார்த்ததும் கரும்பச்சையையும் மண்ணிறத்தையும் எடுத்துப் போடுவார்கள். என்னைச் சுற்றி நின்று யாரும் வியந்ததில்லை. ஏன் மெலிகிறேன் என்று எனக்கே தெரியாது என்பதுதான் உண்மையான பதில். நான் சொன்னது வேறு.

"வெள்ளி விரதம்தான். இரவில சோத்தையும் விட்டிட்டன்."

இரண்டு பாதியும் ஒரு வகையில் உண்மை. வெள்ளி விரதம் பிடிப்பது என் இளவயதுப் பழக்கம். அதனால் ஒரு கிராமும் என்றைக்கும் குறைந்ததில்லை. இரவில் சோறு சாப்பிடுவதில்லை என்பதும் சரி. இடியப்பம் பதினைந்து சாப்பிட்டேன்.

"அதுக்கெல்லாம் மனக்கட்டுப்பாடு வேணும். எங்களால ஏலுமே?" என்றார் வரிசையில் முன்னால் நின்ற ஒருவர். அன்றைய பக்கத்தில் 'மனக்கட்டுப்பாடு' என்ற சொல்லை எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அந்த மாதத்திலேயே விரதம் என்னால் பிடிக்கமுடியாததாகிவிட்டது. பசி என்று சொன்னால் போதாது. வயிற்றுக்குள் யாரோ இருந்து கூப்பிடுவது போல இருக்கும். வேலை முடிந்து தோழியை ஏற்றப் போகும் வழியில், அவள் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், ஒரு சிறு பூங்காவின் ஓரத்தில் காரை நிறுத்துவேன். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டிக்குள் பட்டர் கேக், வாழைப்பழம், பழச்சாறு, உள்ளே கறி வைத்துப் பொரித்த பற்றிஸ். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிப் பற்றிஸ். அந்த அளவுக்கு ஒழுக்கம் இருந்தது. தின்று முடித்து, கண்ணாடியில் பார்த்து வாயைத் துடைத்து, திருநீற்றைப் புதிதாகப் பூசிக்கொண்டு போய் அவள் வாசலில் ஹோர்ன் அடிப்பேன். இதையும் எழுதியிருக்கிறேன்: 'வெள்ளி, 4.40, பற்றிஸ் மூன்று, கேக் இரண்டு துண்டு, பூங்கா ஓரம்.'

ஒருநாள் காரில் தோழி கேட்டாள்: "உம்மட முறையை எனக்கும் எழுதித் தாருமன். நீர் எழுதினால் சரியா இருக்கும்."

எழுதினேன். ஞாயிறு முழுவதும் இருந்து கணினியில் அட்டவணை போட்டேன். ஐந்து மணிக்கு வெந்தயத் தண்ணீர். எட்டுக்கு ஒரு பழம். பன்னிரண்டரைக்கு ஒரு நேரச் சாப்பாடு, சோறு இத்தனை கிராம், மரக்கறி இத்தனை கிராம். ஆறு மணிக்குப் பின் எதுவும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பால் மட்டும். என் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதைத் தயாரித்தேன். அதிலிருந்து பணிஸ், பற்றிஸ், இரண்டாம் முறை போட்ட சோறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பிரதி எடுத்தேன். அடியில் 'முதலில் வைத்தியரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போட்டால் தாளின் அழகு கெடும் என்று நினைத்தேனோ, அல்லது நினைக்கவே இல்லையோ, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

தோழி அதைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். அவள் வீட்டுக்கு வந்த இன்னொருவர் படம் எடுத்துக் கோயில் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்கு 'விரதத்தாள்' என்று பெயரும் வந்துவிட்டது.

செப்ரெம்பரில் என் மேற்பார்வையாளர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது இளைய பஞ்சாபிக்காரர். நான் எழுதிய வெப்பநிலைத் தாள்களை முன்னால் பரப்பியிருந்தார். பழைய தாள்களில் என் எண்கள் அச்செழுத்துப் போல நிற்கின்றன. புதிய தாளில் மூன்றும் எட்டும் ஒன்றுபோல நடுங்கிக்கொண்டு கிடக்கின்றன. அவர் குறை சொல்லவில்லை. வைத்தியரிடம் போய்விட்டு வாருங்கள், நாளை வேலைக்கு வர வேண்டாம் என்றார். எழுத்துக்காக நான் கூப்பிடப்பட்டது அதுவே முதல் தடவை.

எங்கள் குடும்ப வைத்தியர் மதுரைப் பக்கத்துப் பெண். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு வெற்றுத் தாளை வைத்தார். தாள் காற்றில் ஆடுவது போல ஆடியது. அறையில் காற்று இல்லை. நாடி நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீரை விழுங்கச் சொன்னார், கண்களை உற்றுப் பார்த்தார்.

"வெயிட் எப்ப இருந்து குறையுது?"

"எழுதி வைச்சிருக்கிறன்," என்று நாட்குறிப்பைக் கொடுத்தேன். பெருமையோடுதான் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இவ்வளவு சாப்பிட்டும் குறையுதா? ஏம்மா, உடனே வந்திருக்க வேணாமா?"

"விரதத்தால எண்டு நினைச்சன், டொக்டர்."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல விரதம் எங்கம்மா இருக்கு?"

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைரோயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தூண்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இதயம், குடல், நரம்பு எல்லாம் வேகம் பிடித்து ஓடுகின்றன, சாப்பிட்டது எரிந்து போய்விடுகிறது என்று விளக்கினார். சுரப்பியை அடக்க ஒரு குளிசை, காலையில் இரண்டு, இரவில் இரண்டு. படபடப்புக்கு வேறொன்று. தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் அதே நாளில் வர வேண்டும், ஏனென்றால் அந்தக் குளிசை அபூர்வமாக வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். குளிசையை ஒருநாளும் விடக் கூடாது. எல்லாம் எழுதிக்கொண்டேன். அன்று என் நிறை அறுபத்தொரு கிலோ முந்நூறு. மொத்தம் பதினொரு கிலோ. அதில் விரதத்தால் குறைந்தது எவ்வளவு என்று ஒரு வைத்தியர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளி தோழியிடம் சொல்லிவிட நினைத்தேன். அவள் காரில் ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினாள்.

"நாலு கிலோ குறைஞ்சிட்டுது எனக்கு! உம்மட தாள்தான் எனக்கு மருந்து. அந்த ஒப்பரேசன் டொக்டருக்கு முன்னால போய் நிக்கோணும், நிண்டு ஒரு பார்வை பாக்கோணும்."

சொல்லவில்லை. அவளுக்குத்தான் குறைகிறதே, அவள் நம்பிக்கையை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன். அது காரணமல்ல. இது நோய், வருத்தம் என்று சொன்னால் மனக்கட்டுப்பாடு போய்விடும். மண்டபத்தில் என்னைச் சூழ்ந்து நின்றவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு வரிசையில் நகர்ந்துவிடுவார்கள். ஏழு வெள்ளிகள் அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏழும் சொல்லவில்லை.

குளிசை வேலை செய்தது. மூன்றாம் கிழமை கை நடுக்கம் குறைந்தது. யன்னல்கள் சாத்தப்பட்டன, என் கணவர் தொப்பியைக் கழற்றினார். நிறையும் ஏறத் தொடங்கியது. அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று, அறுபத்துமூன்று எண்ணூறு. புதிதாகப் பிடித்துத் தைத்த நான்கு சட்டைகள் கையில் இறுகின. கோயிலில் ஒருவர், நல்ல மனதோடுதான், "முகம் இப்ப கொஞ்சம் தெளிஞ்சிருக்கு" என்றார். எனக்கு அது 'திரும்பவும் பருக்கிறீர்' என்று கேட்டது.

அடுத்த வியாழன் தொடக்கம் ஒன்பது நாட்கள் குளிசையைப் பாதியாகக் குறைத்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மெலிவாக இருப்பதற்காக ஒரு நோயைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது கூட எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறது. ஆனால் நாட்குறிப்பில் இருக்கிறது: ஒன்பது பக்கங்களிலும் குளிசை என்ற இடத்தில் '1+1'. ஆறாம் நாளிலேயே நெஞ்சு மறுபடி அடிக்கத் தொடங்கிவிட்டது. தராசில் நானூறு கிராம் இறங்கியது. நான் சந்தோசப்பட்டேன்.

அந்த ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. கந்தசஷ்டி நடந்துகொண்டிருந்தது. தோழி என் தாளுக்கு மேலதிகமாகச் சஷ்டி விரதமும் பிடித்தாள். பகல் முழுவதும் ஒன்றும் இல்லை. ஆனால் நீரிழிவுக் குளிசையை வழக்கம்போல் காலையில் போட்டிருந்தாள். கேரம் டவுன்ஸுக்குப் போகும் பெருந்தெருவில் அவள் திடீரென்று கேட்டாள்:

"பால் அடுப்பில வைச்சனான். நிப்பாட்டினனானோ?"

"எந்தப் பால்?"

"பால் அடுப்பில வைச்சனான்."

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த கைகள் நடுங்கின. மூன்றாம் தடவையும் பாலைப் பற்றிக் கேட்டபோது சொற்கள் குழறின. இரத்தத்தில் சீனி இறங்குகிறது என்று விளங்கிவிட்டது. பக்கத் தெரு ஒன்றில் காரைத் திருப்பி நிறுத்தி, அவள் முழங்காலுக்கு மேலால் கையை நீட்டி அந்தப் பெட்டியைத் திறந்தேன். பழச்சாற்றுப் பைக்கற்றைத் துளைத்து அவள் வாயில் வைத்தேன். விழுங்கினாள். கேக்கைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்து ஊட்டினேன். மற்றக் கையால் அம்புலன்ஸுக்கு அடித்தேன். அவர்கள் வரும்வரை தொலைபேசியில் இருந்த பெண் சொன்னபடி செய்தேன். பத்து நிமிடத்தில் அவள் கண் தெளிந்தது. முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்: வெள்ளித்தாளில் சுற்றிய கேக், வாழைப்பழச் சீப்பு, ஒரு பை நிறையப் பற்றிஸ்.

"என்னப்பா இது, கடையே வைச்சிருக்கிறீர்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"இது என்ர மனிசன்ர. வேலைக்குப் போகேக்க சாப்பிடுவார்," என்றேன். என் கணவர் அந்தக் காரில் ஏறி இரண்டு மாதம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுடைய மகள் வந்து சேர்ந்தாள். நகரத்தில் வங்கி ஒன்றில் வேலை; ஓடி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. வைத்தியர் இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் தோழி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வீட்டில் ஒன்று, பையில் ஒன்று என்று இரண்டு பிரதி வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. தமிழில் இருந்ததால் மகள்தான் வைத்தியருக்கு மொழிபெயர்த்தாள். ஒவ்வொரு பெட்டியாக வாசிக்க வாசிக்க அவள் குரல் மெதுவானது.

"அன்ரி, டிட் யூ மேக் திஸ்?"

"ஓம், பிள்ளை."

"ஷீ இஸ் டயபெற்றிக், அன்ரி. யூ நோ தட்."

கட்டிலில் இருந்து தோழிதான் பேசினாள்.

"அவவை ஏசாதை. அவ பதினொரு கிலோ குறைச்சவ. நான்தான் ஒழுங்காச் செய்யேல்லை."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிறு காலை நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்து போனேன். குசினி மேசையில் ஜூன் மாதத்திலிருந்து திறந்து வைத்தேன். என்ன வருத்தம், எப்போது தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். முதலில் சிரித்தாள்.

"பற்றிஸ் மூண்டு, பூங்கா ஓரம்! இதையும் நேரம் போட்டெழுதி வைச்சிருக்கிறீரே!"

பிறகு பக்கம் புரட்டுவதை நிறுத்தினாள்.

"வருத்தம் எண்டு எப்ப தெரியும் உமக்கு?"

"செப்ரெம்பரில."

அவள் விரல்களை மடித்தாள். "ஏழு வெள்ளி. ஏழு வெள்ளி நான் பசியோட உமக்குப் பக்கத்தில இருந்தனான். நீர் திண்டு வாயைத் துடைச்சிட்டு வந்து என்னை ஏத்தினனீர்."

"ஓம்."

"நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை எண்டு. ஒருநாள் ரெண்டு மாரி பிஸ்கட் திண்டிட்டு, பாத்ரூமுக்குள்ள போயிருந்து அழுதனான். உம்மை நினைச்சுத்தான் அழுதனான். அவவால ஏலுது, என்னால ஏலேல்லையே எண்டு."

குளிசையைப் பாதியாக்கிய பக்கங்களையும் காட்டினேன். அது அவளுக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை. ஆனால் இனியும் எதையாவது விட்டுவிட்டுப் பிரதி எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அவள் '1+1' என்பதை விரலால் தொட்டுத் தொட்டு ஒன்பதையும் எண்ணினாள்.

"மெலிவுக்காகவோ?"

"ஓம்."

"விசரோ உமக்கு?" என்றாள். பிறகு நாட்குறிப்பை மூடி என் பக்கம் தள்ளினாள். "நீங்கள் இப்ப போங்கோ."

பதினெட்டு வருடத்தில் அவள் என்னை 'நீங்கள்' என்று சொன்னதில்லை.

அன்றே குழுவில் எழுதினேன். விரதத்தாளை யாரும் பின்பற்ற வேண்டாம். என் நிறை குறைந்தது தைரோயிட் வருத்தத்தால். அந்த மாதங்களில் நான் விரதம் இருக்கவில்லை, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டேன். தெரிந்தும் ஏழு கிழமை சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் யாரும் பதில் போடவில்லை. பிறகு பூங்கொத்துப் படங்கள் வந்தன. கும்பிடும் கைகள் வந்தன. ஒருவர் எழுதினார்: 'திண்டு திண்டு மெலியிற வருத்தமோ? எனக்கும் கொஞ்சம் தாருமன்.' அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சிரிப்பு முகங்கள். தோழி எதுவும் போடவில்லை.

அடுத்த கிழமை சிறப்பு வைத்தியரிடம் போனேன். இரத்த முடிவு மோசமாகியிருந்தது. இந்த அளவு மருந்து உங்களுக்குப் போதவில்லை, கூட்ட வேண்டும் என்று அவர் எழுதத் தொடங்கினார். கூட்ட வேண்டாம், நான்தான் ஒன்பது நாள் பாதி எடுத்தேன் என்றேன். ஏன் என்று கேட்டார். நிறைக்காக என்றேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. இதைச் செய்பவர்கள் உண்டு, சொன்னதற்கு நன்றி, ஆனால் அது இதயத்தோடு விளையாடுவது என்றார். எழுதியதை வெட்டினார். அந்த வெட்டுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோழியை ஆஸ்பத்திரியிலிருந்தே உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, சரியான அளவு, குளிசையிலும் மாற்றம். மெதுவாகக் குறைந்தது. ஒப்பரேசன் பட்டியலில் அவள் பெயர் ஏறிவிட்டது என்பதைக்கூட நான் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். கோயிலுக்கு இப்போது அவள் இன்னொருவருடைய காரில் வருகிறாள். என்னைக் கண்டால் "சுகமோ" என்று கேட்பாள். நான் "ஓம்" என்பேன். குளிசையை முழுதாக எடுக்கிறேன். என் நிறை எழுபது கிலோ எண்ணூறில் வந்து நிற்கிறது.

பங்குனி மாதத்து வெள்ளியொன்றில் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு புதிய பெண்ணைக் கண்டேன். வேறு மாநிலத்தில் உள்ள பரமட்டாவில் இருந்து வேலை மாறி வந்தவராம். தோழிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் எதிர் மேசையில் இருந்தேன்.

"நீங்கள் ஏதோ விரதத்தாள் பாத்துத்தானே மெலிஞ்சனீங்கள்?" என்று அவர் தோழியிடம் கேட்டார். "அது அங்க எங்கட ஆக்களிட்டயும் இருக்கு. என்ர மாமியும் பிடிக்கிறா. அவவுக்குச் சீனியும் கிடக்கு, நல்லாக் குறைஞ்சால் புண்ணியம்."

பிசைந்த சோற்றைத் தட்டில் விட்டேன். நான் அழித்துவிட்டதாக நினைத்த தாள் எண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பால் யாரோ ஒரு முதிய பெண்ணின் குசினியில் ஒட்டப்பட்டிருக்கிறது. தோழி என்னைப் பார்த்தாள். நாலரை மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"எழுதினவ அந்தா இருக்கிறா. அவவைக் கேளுங்கோ."

கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னேன். அது வருத்தத்தால் குறைந்த நிறை என்றும், நான் அந்தத் தாளில் உள்ளபடி ஒரு நாளும் நடக்கவில்லை என்றும், இவதான் அதைப் பின்பற்றிக் காருக்குள் சீனி இறங்கிக் குழறினவ என்றும் சொன்னேன்.

"முழுக்கச் சொல்லுங்கோ," என்றாள் தோழி.

தெரிந்தும் மறைத்ததைச் சொன்னேன். குளிசையைக் குறைத்ததையும் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். புதிய பெண் தொலைபேசியை எடுத்தார்.

"மாமிக்கு அடிக்கிறன். நான் சொன்னால் கேளா. நீங்களே சொல்லுங்கோ."

மாமியின் குரல் உறுதியான குரல். ஆர் கதைக்கிறது, என்ன சத்தம் அங்க, கோயிலோ என்று கேட்டார். நான் மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். சீனிக் குளிசை எடுப்பவர்கள் அப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது, நாளைக்கே வைத்தியரிடம் கேளுங்கள் என்று முடித்தேன்.

"சரி பிள்ளை," என்றார் மாமி. "அப்ப, எத்தினை கிலோ குறைஞ்சனீங்கள்?"

"பதினொண்டு."

"பதினொண்டோ!"

அந்தக் குரலில் இருந்த வியப்பு எனக்கு இனித்தது. இவ்வளவும் நடந்த பிறகும், தோழி பக்கத்தில் இருக்க, எனக்கு அது இனித்தது. தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒன்பதரை திரும்ப ஏறிட்டுது, மாமி," என்றேன். "நாளைக்கு டொக்டரிட்டப் போங்கோ. தாளைக் கழட்டி எறியுங்கோ. நான் லைனில நிக்கிறன், இப்பவே போய்க் கழட்டுங்கோ."